தலை எண்ணுகிறவன்

1979-இல் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார்கள்.
செந்தூல் ரயில் பணிமனை ஸ்டோரில்
போல்ட்டும் நட்டும் எண்ணுகிற ஆள்,
தலைகளையும் பிசகாமல் எண்ணுவான் என்று நினைத்திருக்கலாம்.

காணிக்கைப் பை கிளம்பும்போது
பின்சுவரை ஒட்டி நின்று எண்ணுவேன்.
விரல் நீட்டக் கூடாது.
தாவீது ராஜா ஜனத்தை எண்ணி
வாங்கிக் கட்டிக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும்.
கண்ணால் மட்டும், பெஞ்சுக்கு எட்டு, ஒன்பது.
மடியில் இருப்பதும் ஒன்று.
"வயிற்றில் இருப்பது?" என்றார் ஜெபமணி டீச்சர்.
அடுத்த வருஷக் கணக்கில் வரும் என்றேன்.
வந்தது, இரட்டையாக.

முன்னூற்றுப் பன்னிரண்டு.
1986 ஈஸ்டர். நீல மை, கீழே இரண்டு கோடு.
வராந்தாவில் இரவல் நாற்காலிகள்,
வேலியோரம் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்தபடி
ஆமென் சொன்ன பையன்கள்.
அவர்களை அரை அரையாக எழுதலாமா என்று கேட்டேன்.
போதகர் சிரித்தார்.
முழுசாகவே எழுதினேன்.

யாரும் மனக்கசப்போடு போனதில்லை
என்று ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன்.
பொய்.
கிறிஸ்துமஸ் பாட்டில் தனிக்குரல் யாருக்கு என்ற சண்டையில்
நாற்பத்தொரு பேர்
ஜாலான் ஈப்போவில் ஒரு டயர்கடை மாடிக்குப் போனார்கள்.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
"இடமாற்றம்" என்று போட்டேன்.

பிறகு குவார்ட்டர்ஸை உடைத்தார்கள்.
ராவாங், பூச்சோங், செமினி.
முதலில் வாரம் தவறாமல் வந்தார்கள்,
பிறகு திருவிருந்து ஞாயிறு மட்டும்,
பிறகு கல்யாணத்துக்கு,
பிறகு பெட்டிக்குள்.
பிள்ளைகள் பெர்த்திலிருந்து
மலர்வளையத்துக்குப் பணம் அனுப்பினார்கள்.

சபை ஒரே நாளில் குறைவதில்லை.
பெஞ்சின் ஓரத்தில் ஆரம்பிக்கும்.
மாசிலாமணி போனபின் அவர் இடத்தில் யாரும் உட்காரவில்லை.
மரியாதை என்று நினைத்தோம்.
உட்கார ஆள் இல்லை என்று புரிய
ஆறு வருஷம் ஆனது.

வாலிபர் சங்கத் தலைவர் எட்வின் சற்குணத்துக்கு வயது ஐம்பத்தாறு.
இரண்டு முழங்காலும் போய்விட்டன.
பதவியை விடவும் மாட்டார்,
வாங்கிக்கொள்ளவும் வாலிபர் இல்லை.
திருவிருந்துத் தட்டில் நாற்பது குழி.
மிஞ்சிய ரசத்தைக் கொட்டக்கூடாதென்று
ப்யூலா அடுக்களையில் நின்றபடியே
ஒவ்வொரு கிண்ணமாகக் குடிக்கிறாள்.
அவளுக்குச் சர்க்கரை.

போன மாதம் பொதுக்கூட்டம்.
மதியம் இரண்டு மணிக்கு நம் ஆலயத்தில் கூடுகிற
மியான்மார் சின் மக்களுக்குக்
காலை நேரத்தைக் கொடுத்துவிட்டு
நாம் ஓய்வுநாள் பள்ளி அறைக்கு மாறுவதா?
அவர்கள் இருநூறு பேர், வாசல்வரை குழந்தைகள்.
முடிவெடுக்க முப்பது தலை வேண்டும்.
எண்ணினேன். இருபத்தொன்பது.
விசிறியை நிறுத்தச் சொல்லி மறுபடி எண்ணினேன்.
இருபத்தொன்பது.

நாற்பத்தாறு வருஷமாய்
பின்சுவரோரம் நின்றவனை எண்ணியதில்லை.
ஸ்டோர்கீப்பரை யாரும்
சரக்கில் சேர்ப்பதில்லையே.
அப்படியானால் அந்த ஈஸ்டர்
முன்னூற்றுப் பதின்மூன்று.
எல்லா ஞாயிறும் ஒன்று குறைவு.

முப்பது என்றேன்.
ஆதரவு பதினேழு, எதிர்ப்பு பன்னிரண்டு.
கை எண்ணுகிறவன் கை தூக்கவில்லை.

இந்த ஞாயிறு, பள்ளி அறையில்
சின்ன நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம்.
சுவருக்கு அப்பால் டிரம் சத்தம்.
நம் பாட்டு அதன் தாளத்துக்கு
இரண்டு அடி ஓடிவிட்டுத் திரும்பியது.

பழைய பெஞ்சில் விட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்கப் போனேன்.
பின்சுவரை ஒட்டி ஒரு பெண்,
முதுகில் துணிகட்டித் தூங்கும் குழந்தை,
கையில் பள்ளிக்கூட நோட்டு.
விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கணக்குத் தவறிவிடும் என்று
கதவருகிலேயே நின்றேன்.
அவள் விரல் என்மேலும் ஒரு கணம் நின்று
அடுத்த ஆளுக்குப் போனது.