இரண்டு நடை

இந்தப் பிக்கப் எவ்வளவு தாங்கும் என்று
கதவிலேயே வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கிறது.
கதவைத் திறந்து ஏறுகிறவன்
கதவைப் படிப்பதில்லை.

துவாஸ் தெற்கு, காலை ஏழேகால், தூறல்.
வாடகைக்கு எடுத்த தட்டை டிரெய்லர், இரண்டே சக்கரம்,
நடுவில் ஒரு கம்பிரஸர்.
அதுவே போதும் என் வண்டிக்கு.
"பின்னால பாதி இடம் சும்மா இருக்கு லா" என்றார் கொக் வாய்.
காலியிடத்தைப் பார்த்தால் அவருக்குப் பல் வலிக்கும்.
குழி மூடும் எஃகுத் தகடுகள் நான்கு ஏறின.
பிறகு சங்கிலிக் கட்டு.
பிறகு, யார் சொன்னதென்றே தெரியாமல்,
சிமெண்ட் ஆறு மூட்டை.
எல்லாவற்றையும் கடைசி ஓரத்தில் அடுக்கினான் மிஸான்,
இறக்கச் சுலபம் என்று.

கொக்கியை மாட்டும்போதே தெரிந்தது.
அது கையில் கனக்கவில்லை,
மேலே போகப் பார்த்தது.
ரோஸ்மான் ஏறி உட்கார்ந்து அழுத்த, டக்.
கனமில்லாத கொக்கிக்குத்தான் பயப்பட வேண்டும் என்று
எட்டு வருடமாக எனக்குத் தெரியும்.
தெரிந்ததை மடியில் வைத்துக்கொண்டு
சாவியைத் திருகினேன்.

நாற்பதில் ஒன்றுமில்லை.
ஐம்பதில் ஒருமுறை கண்ணாடியில் எட்டிப் பார்த்தது,
இடப்பக்கம்.
ஐம்பத்தைந்தில் வலப்பக்கமும்,
சினிமா டிக்கெட் வரிசையில்
நமக்குப் பின்னால் நிற்கிறவன் போல.

மேம்பாலத்தின் உச்சி வரை நான்தான் இழுத்தேன்.
உச்சி தாண்டியதும்
முதுகில் ஒரு கை.
நகரு, என்றது.

இருக்கைக்குப் பின்னால் இருந்த பாதி வண்டி
வேறு யாருக்கோ சொந்தமாகிவிட்டது.
இடது, வலது, இடது,
ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிட ஒரு முழம் கூட.
பிரேக், பிரேக் என்கிறது கால்.
மிதித்தால் நான் நிற்பேன், அது நிற்காது.
அதற்கென்று பிரேக் கிடையாது,
அதன் பிரேக் நான்தான்.
கீல் போட்ட கதவு மாதிரி அறைந்து மூடும்,
இடுக்கில் நான்.

பக்கத்துத் தடத்தில் ஒரு லாரி.
தார்ப்பாய்க்கு அடியில் இருபது பேர்,
சாப்பாட்டுப் பையை மடியில் கட்டிக்கொண்டு.
ஒருவன் என்னைப் பார்த்துக் கையசைத்தான்.
அந்த ஆட்டத்தை
வேடிக்கை என்று நினைத்திருப்பான்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.
ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன்.
திருப்பாதே. திருத்தாதே. பிடி.
ஐம்பது.
லாரி முன்னால் போய்விட்டது.
நாற்பத்தைந்து.
கோபம் தீராமல் படுக்கப் போகிறவன் போல
இன்னும் இரண்டு முறை புரண்டது.
அடங்கியது.

ஓரத்தில் நிறுத்தினேன். தலைக்கு மேல் ரயில் போயிற்று.
மூட்டை ஒன்று கிழிந்து
சாம்பல் நிறத்தில் சாலைக்கு வழிந்துகொண்டிருந்தது.

"எங்கே?" என்றார் போனில்.
ஓரமாக.
"ஏன்?"
இரண்டு நடையாக அடிப்போம், பாஸ்.
டீசல், ஆள்கூலி, கம்பிரஸருக்கு மணிக்கணக்கு வாடகை
எல்லாவற்றையும் அவர் மூச்சுவிடாமல் கூட்டுவது கேட்டது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
பழமொழி நாக்கு வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.
மொழிபெயர்த்தால் அது
அவர் பக்கம்தான் சாயும்.
"ஆறு மூட்டைக்கு இவ்ளோ பயமா?"
ஐந்து மூட்டை, பாஸ், என்றேன்.

ரோஸ்மான் இன்னொரு வண்டியோடு வரும்வரை
நனைந்துகொண்டே கதவைப் படித்தேன்.
தெளிவான எழுத்துதான்.
ஒரு எண்கூட அழியவில்லை.

பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாக
முன்பக்கம் மாற்றினேன்.
மூன்றாவதைத் தூக்கும்போதுதான் நினைவு வந்தது:
லாரியில் கையசைத்தவனுக்கு
நான் திருப்பிக் கையசைக்கவில்லை.
இரண்டு கையும்
ஸ்டியரிங்கில் இருந்தன.