ரோஸ் ரசீது, மஞ்சள் ரசீது

களியக்காவிளைச் சந்தைக்கு எதிரே
ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு மேல்மாடி.
ஒட்டுப்பாலின் வாடை படியேறி வந்து
எங்களோடு உட்காரும்.
டிவியில் அது தெரியாது.

வியாழன் இரவு எட்டு மணி, 'கோல்முகம்' நிகழ்ச்சி.
வழங்குவது உங்கள் ஜெபகரன், அதாவது நான்.

மேனேஜர் மேசையில் இரண்டு ரசீதுப் புத்தகம்.
ரோஸ், நாங்கள் காசு கொடுத்துக் கூப்பிடுகிறவர்களுக்கு.
மஞ்சள், காசு கொடுத்து எங்களிடம் வருகிறவர்களுக்கு.
ரோஸுக்கு டீ.
மஞ்சளுக்கு ஏத்தங்காய் சிப்ஸும் சேர்த்து.
ரோஸிடம் குறுக்கே பேசலாம்.
மஞ்சள் மூச்சு வாங்கும்வரை காத்திருக்கணும்.
பதினொரு வருஷத்தில் நான் கற்ற தொழில்தர்மம்
அநேகமாக இவ்வளவுதான்.

அன்றைக்கு இரண்டும் ஒரே சோபாவில்.

மஞ்சள்: வில்பிரட் அண்ணாச்சி, டைல்ஸ் கடை,
செவன்ஸ் கோப்பை ஜெயித்த டீமின் முதலாளி.
கோப்பையையே கொண்டுவந்திருந்தார்,
மடியில், மொட்டையடிக்கப் போகும் பிள்ளை மாதிரி.

ரோஸ்: சிலுவைதாசன், இரையுமன்துறை, ரெஃபரி.
பைனலில் கடைசி நிமிஷம்
அந்தப் பெனால்ட்டிக்கு விசிலடித்தவர்.
பந்து பட்டது கையிலா தோளிலா என்று
பாறசாலை முதல் கொல்லங்கோடு வரை
மூன்று வாரமாய் ஒரு டீக்கடையிலும் முடிவாகவில்லை.

கேள்வியை அட்டையில் எழுதி வைத்திருந்தேன்.
மேனேஜர் ஒருதரம் பார்த்தார்,
அட்டையை அல்ல, மஞ்சள் புத்தகத்தை.
அட்டையைக் கவிழ்த்துப் போட்டேன்.

கேட்டது இதை:
நாற்பத்தாறு வயதிலும் இப்படி ஓட
என்ன சாப்பிடுறீங்க?
"மரச்சீனி. மீன்."
"சாளையா?"
"சாளைதான்."
அதை வைத்தே ஆறு நிமிஷம் ஓட்டினேன்.
எல்லாருக்கும் வராது அந்தத் திறமை.

செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு போன்.
"சாரே, ஆ பெனால்ட்டி..."
மேசைக்கடியில் பொத்தானைத் தொட்டேன்.
"ஹலோ, ஹலோ,
இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது நேயர்களே"
என்றேன், நிஜமாகவே வருந்தும் குரலில்.
அந்தக் குரல் படிய நாலு வருஷம் ஆனது.

சிலுவைதாசன் என் விரலைப் பார்த்தார்.
கூட்டத்துக்குள் யார் சட்டையை யார் இழுக்கிறார்கள் என்று
பார்த்தே பழகிய கண்.

முடிந்தது. அண்ணாச்சியும் கோப்பையும் காரேறினார்கள்.
ரோஸ் ரசீதில் கையெழுத்து, ரூபாய் எழுநூறு.
கவருக்குள் அறுநூறு.
நூறு, டீக்கும் இதர செலவுக்கும்.
வழக்கம்தான். வருகிற யாரும் எண்ணுவதில்லை, கூச்சம்.

அவர் படியிலேயே நின்று எண்ணினார்.
திரும்பி ஏறி வந்தார்.
"எழுநூறுண்ணுதானே எழுதியிருக்கு?"
கோபமில்லை,
ஃப்ரீ கிக்குக்கு இடம் காட்டுவதுபோல.
என் பையிலிருந்து நூறு கொடுத்தேன்.
மடித்து, விசில் கிடக்கும் பையில் போட்டுக்கொண்டார்.

"நீரு கேப்பீருண்ணு நெனச்சேன், ஓய்.
கேட்டா சொல்லணும்ணுதான் வந்தேன்.
லைட்டு எனக்க கண்ணுல அடிச்சுது.
கண்டது பாதி.
மிச்சத்த ஊகிச்சு ஊதினேன்."

கொஞ்சம் நின்று,
"கேக்காததுக்கு உமக்கு எவ்வளவு?"

கிண்டலாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.
கணக்கு கேட்கிற குரல்.
தெரியாது என்றேன், அது உண்மை.
எனக்கு எந்த நிறத்திலும் ரசீது கிடையாது.
மாசம் பிறந்து பத்துக்கு மேல்,
கையில், பாதி பாதியாக.

கீழே கடற்கரைக்குப் போகும் கடைசி பஸ் ஹாரனடித்தது.
ஓடினார். நாற்பத்தாறு வயசு,
நல்ல ஓட்டம்தான்.

விளக்கை அணைக்கப் போனேன்.
அட்டை அப்படியே கவிழ்ந்து கிடந்தது.
புரட்டவில்லை.
அதன் முதுகிலேயே அடுத்த வியாழனுக்கு எழுதினேன்:
ஷூ கம்பெனி ஏஜெண்ட், மார்த்தாண்டம்.
மஞ்சள்.