மஞ்சள் கட்டி

கடுகு என்று பேர்.
கடுகுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.
வாயு என்றும் பேர்.
போர்ன்ஹோல்ம் தீவுக்குக் கிழக்கே
தொண்ணூறு மீட்டர் ஆழத்துக் குளிரில்
அது வாயுவும் இல்லை.
களிமண் மாதிரி, பழைய மெழுகு மாதிரி
மேலே ஓடு கட்டிய மஞ்சள் கட்டி.
போர் முடிந்ததும் கப்பல் கப்பலாய்க் கொண்டுவந்து
கொட்டிவிட்டுப் போனார்கள்,
கடலுக்குத் தாழ்ப்பாள் இருக்கிற நினைப்பில்.

எஸ்கில் மோர்டென்சனுக்கு அப்போது பதினேழு வயது.
காட் மீன்களோடு ஒரு கட்டி வலையில் ஏறியது.
முழங்கையால் தள்ளிவிட்டான்.
வலிக்கவில்லை.
அதுதான் அதன் சாமர்த்தியம்.
நெருப்பு சுட்டால் கை தானாக விலகும்,
தேள் கொட்டினால் தெருவே எழும்.
இது தொட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும்.
அவன் காபி குடித்தான், சீட்டாடினான், தூங்கினான்.
மூன்று மணிக்குக் கண்ணிரண்டிலும் மணல்.
கையில் கோழிமுட்டை அளவு கொப்புளம்,
உள்ளே வெளிறிய மஞ்சள் நீர்.
கடுகளவு போதும் என்பது
இங்கே உவமை இல்லை.

அவன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோதே
அது உயிரணுவுக்குள் போய்
முறுக்கிய இரண்டு இழைகளையும்
சேர்த்துத் தைத்தாயிற்று.
பிரிந்தால்தானே படி எடுக்க முடியும்.
மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது
என் ஜாக்கெட்டின் ஜிப்பை ஏற்றி இறக்கிக் காட்டுவேன்.
ஒருமுறை நிஜமாகவே சிக்கிக்கொண்டது.
வகுப்பு முடியும்வரை வியர்த்தபடி நின்றேன்.

மாற்று மருந்து உண்டா?
இல்லை.
கழுவலாம். சீக்கிரம் கழுவலாம்.
அப்புறம் தீப்புண்ணுக்குச் செய்வதைச் செய்யலாம்.
நூறு வருஷத்துக் கட்டுரைகளுக்குள் நுழைந்து
இவ்வளவோடு வெளியே வருவதில்
எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

என் வேலை சேறு.
அடியில் அள்ளி, ஐஸில் வைத்து, எண் எழுதி
அது உடைந்தபின் மிஞ்சிய துண்டுகளைத் தேடுகிறேன்.
திரையில் பதினான்காம் நிமிடம் ஒரு கூம்பு எழும்.
'கொலைகாரன் கிடைப்பதில்லை,
கழற்றிப் போட்ட சட்டைதான் கிடைக்கிறது'
என்பாள் க்தீனியா ஆய்வகத்துப் போக்னா.
அவளிடம் இதே சேற்றில் பிடித்த பாக்டீரியாக்கள்.
அந்தத் துண்டுகளைத் தின்கின்றன,
பல் போனவன் பக்கோடா தின்கிற வேகத்தில்.
எத்தனை வருஷம் ஆகும் என்றால்
'உனக்கு எங்கே போகணும்?' என்கிறாள்.

இந்த நவம்பரில் சேறு அள்ள
எஸ்கிலின் படகைத்தான் வாடகைக்கு எடுத்தோம்.
கம்பளித் தொப்பிக்குக் கீழே முடியில்லை.
நிணநீர்ப் புற்று; மூன்றாவது சுற்று மருந்து.
அந்த மருந்தின் வம்சாவளி எனக்குத் தெரியும்.
கந்தகம் இருந்த இடத்தில் நைட்ரஜன்.
அதே ஊசி, அதே தையல்,
தைக்கப்படுவது மட்டும் வேறு.
சொல்வதா வேண்டாமா என்று
துறைமுகத்திலிருந்து யோசித்துக்கொண்டே வந்தேன்.
அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.
செவிலி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாளாம்.

சிரித்தார், இருமல் வந்து மறிக்கும்வரை.
'பழைய ஆள் வட்டி கேட்டு வந்திருக்கிறான் என்று பார்த்தால்
திருப்பிக் கொடுக்க அல்லவா வந்திருக்கிறான்!'
பிறகு சக்கரத்தைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல்:
'முழுசாகக் கொடுப்பானா?'

வின்ச் சத்தத்தில்
காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.

சேறு மேலே வந்தது. கருப்பு, அழுகிய முட்டை நாற்றம்.
நாங்கள் முகமூடிக்குள்.
அவர் தானாகவே காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார்,
முழங்கையை மற்ற கையால் மூடிக்கொண்டு.
காட் மீனின் வயிறு போல அங்கே தோல் பளபளக்கும்.
கருவி கத்தவில்லை.
சேற்றில் ஒரு புழு இருந்தது. உயிரோடு.
அதற்குத் தனியாக எண் போட்டேன்:
நாற்பத்தொன்று, ஆ.