இரண்டாம் தரம்

தார்ச்செதோவில் விலையை வாயால் சொல்வதில்லை.
அங்கியின் நீண்ட கைக்குள் கைவிட்டு
விரல் பிடிப்பார்கள்.
மூன்று விரலை அழுத்தினால் மூன்று,
பாதியில் கிள்ளினால் அரை.
சொல் தேவைப்படும்போதுதான்
என்னைக் கூப்பிடுவார்கள்.
சத்திரம் என்னுடையது. நாக்கு இரண்டு.

தொங் ஷூலியாங் அந்த ஆண்டு
தானே மலையேறி வந்திருந்தார்.
யா-ஆனிலிருந்து தேயிலை சுமப்பவர்கள்
ஊன்றுகோல் ஊன்றி ஊன்றிப்
பாறையில் போட்ட குழிகளை
எண்ணிக்கொண்டே வந்தாராம்.
நானூறுக்குப் பிறகு கணக்குத் தப்பிவிட்டதாம்.

பேரம் முடிந்து
நோர்சோம் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.
வாசல் உத்தரத்தில், செங்காவியில்
முழ அகலத்துக்கு ஒரு சீன எழுத்து.
தேயிலைக் கட்டியின் முதுகில் பதிந்து வருமே, அது.
பக்கத்து வீட்டிலும் அதுவே.
கோவேறு கழுதையின் சேணத்தில் நூலால்.
பிறந்து ஏழு நாளான பிள்ளையின் நெற்றியில்
கரியால்.

அவர் நின்றுவிட்டார்.
"இதை என்னவென்று நினைக்கிறார்கள்?"

நோர்சோம் சொன்னாள்:
"தார்கே பனியில் சிக்கி
இருபது நாள் கணவாயில் கிடந்தான்.
மடியில் இருந்தது இந்த எழுத்துப் போட்ட கட்டி ஒன்றுதான்.
திரும்பி வந்துவிட்டான்.
இதற்குமேல் என்ன கேட்க வேண்டும்?"

அவர் சிரிக்கவில்லை.
என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்:
"இரண்டு.
பத்திரத்தில் திருத்த முடியாதபடி எழுதுகிற இரண்டு.
முதல் தரம் நகரத்துக்குப் போகும்.
காம்பும் தூளும் இங்கே வரும்.
மாறிப்போகக் கூடாதென்று
அச்சு வெட்டியவர் என் தகப்பனார்."

நோர்சோம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
உள்ளே பிள்ளை தும்மியது.

நாற்பது வருஷம் இரு பக்கமும் பேசியிருக்கிறேன்.
ஒரு பலம் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.
அன்று சொன்னேன்:
"அவர் அப்பா வெட்டிய எழுத்தாம்.
துணை என்று பொருளாம்."

பொய் என்று யாராவது சொல்லட்டும்.
இரண்டு என்றால்
ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று
இருக்கிறது என்றுதானே.

வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த தேநீர் வந்தது.
முதல் மிடறில் முகம் கோணினார்.
மூன்றாம் கிண்ணத்துக்குத் தானே கை நீட்டினார்.

மறு வருஷம் சுமைக்காரன் ஒருவன்
கதை கொண்டுவந்தான்:
யா-ஆனில் முதலாளி
கதவைச் சாத்திக்கொண்டு
தேநீரில் உப்புப் போடுகிறாராம்,
மனைவிக்குத் தெரியாமல்.

கட்டிகளைப் பிரித்துப் பார்த்தேன்.
எழுத்து முன்பைவிட ஆழமாகப் பதிந்திருந்தது.
ஓரங்கள் கூர்மையாக, புது அச்சு.

உள்ளே
அதே காம்பு, அதே தூள்.
விலைக்கு மட்டும்
அரை விரல் கூடுதலாகக் கிள்ளினார்கள்.