அடுத்த சோதனை நாள்

முசஃபாவில் வெயில் ஏழரைக்கே வேலைக்கு வந்துவிடுகிறது.
எனக்குத்தான் வேலை இல்லை.

விசா ரத்தான தாளின்படி
இன்னும் இருபத்திரண்டு நாள்.
நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.
வியர்வை பட்டு, தேதி இருக்கும் இடம் மட்டும் கலங்கிவிட்டது.

முதல் வாரம் எல்லாரும் செய்வதையே செய்தேன்.
நூற்றுப் பதினெட்டு கம்பெனிகளுக்கு ஒரே கடிதம்.
பதில் இரண்டு.
ஒன்று, கணினி தானாக அனுப்பிய நன்றி.
மற்றது ஒரு குரல்:
ஆயிரத்து ஐந்நூறு திர்ஹாம் கட்டினால்
நாளைக்கே ஆஃபர் லெட்டர்.
சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ். அதுதான் எரிந்தது.

மேல்கட்டிலிலிருந்து சதக்கத்துல்லா சொன்னான்:
"ஆள் தேவைன்னு போர்டு வச்ச வாசல்ல
ஏற்கெனவே நானூறு பேர் நிக்கிறான்.
போர்டு இல்லாத வாசலாப் பாரு."
சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.
அவனுக்கு விடியற்காலை டூட்டி.

போர்டு இல்லாத வாசல் எப்படி இருக்கும் என்று
இரண்டு நாள் விளங்கவில்லை.
மூன்றாம் நாள், எம் முப்பத்தேழில்,
டயர்க்கடை நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.
எதிரே ஐம்பது டன் கிரேன்.
கேபின் கதவில் உள்ளங்கையளவு பச்சை ஸ்டிக்கர்:
சோதித்த நாள். அடுத்த சோதனை நாள்.

ஒன்பது வருடம் நான் ஒட்டிய ஸ்டிக்கர் அது.
கொக்கியின் வாய் அகன்றிருக்கிறதா,
கம்பி வடத்தில் எத்தனை இழை அறுந்திருக்கிறது,
பிரேக் வழுக்குகிறதா என்று
பார்த்துப் பார்த்து ஒட்டியது.

இதற்கு இன்னும் எட்டே நாள்.
என்னைவிட அவசரத்தில் இருந்தது கிரேன்.

டிரைவர் குல் ஜமானுக்கு ஒரு கரக் டீ வாங்கிக் கொடுத்தேன்.
என் இந்தியும் அவன் உருதுவும்
பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.
போர்மேன் நம்பர் கிடைத்தது.
பழைய ஏஜென்சி மூன்று முறை
வருகிறேன் என்று வரவில்லை என்பதும் கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் வேலை தேடவில்லை.
தேதி தேடினேன்.
வேலி இடுக்கு வழியாக, கழுத்தை நீட்டி,
போர்க்லிப்ட், செயின் பிளாக், ஆள் ஏற்றும் கூடை.
ஒரு வாட்ச்மேன் திருடன் என்று விரட்டினான்.
இன்னொருவன் நாற்காலி போட்டான்.
காலணியின் அடி தார்ச்சாலையில் இளகி
ஒவ்வொரு அடிக்கும் ஒரு முத்தச் சத்தம்.
கோடு போட்ட நோட்டில் நாற்பத்தொரு வரி:
கேட் எண், இயந்திரம், முடியும் தேதி, யாரிடம் பேச வேண்டும்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை ஏஜென்சிக்குப் போனேன்.
அங்கே ஆள் எடுப்பதாக யாரும் சொல்லவில்லை.
"அப்பாயின்ட்மென்ட்?" என்றாள் வரவேற்பில் மரிசெல்.
இல்லை என்றேன்.
"ஆனால் உங்கள் லிஃப்ட்டின் ஸ்டிக்கர்
போன மாதமே முடிந்துவிட்டது" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சொன்னாள்.

மேலாளர் ஹைதம் என் பயோடேட்டாவைத் தள்ளி வைத்தார்.
நோட்டைப் புரட்டினார்.
ஒரு வரியில் விரல் நின்றது.
"இது எங்கள் வாடிக்கையாளர்."
"தெரியும் சார். நீங்கள்தான் மூன்று முறை போகவில்லை."

தப்பாகப் பேசிவிட்டேனோ.
ஏசியில் நனைந்த சட்டை முதுகில் சில்லிட்டது.
அவர் எழுந்தார், கதவைச் சாத்தினார்,
மேஜைத் தொலைபேசியை என் பக்கம் திருப்பினார்.
"இப்போதே கூப்பிடு. நான் கேட்கிறேன்."

நான்காவது மணியில் எடுத்தார் போர்மேன்.
பின்னால் கிரைண்டர் இரைச்சல்.
பெயர் சொன்னேன், அருளப்பன்.
கிரேன் சோதனை, வியாழன் காலை ஆறு மணி, சரிதானே என்றேன்.
"அது சரி, எந்தக் கம்பெனி?"

எந்தக் கம்பெனி.

ஹைதம் ஒன்றும் பேசவில்லை.
டப்பாவிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை உருவி
விரல் நுனியால் மேஜைமேல் தள்ளினார்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி,
ஒவ்வொரு எழுத்தாக,
நான் அதை வாசித்தேன்.