வேற குளிசை ஏதும்?

சீனக்குடாச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி
மாவாலை வாசலுக்கு
எட்டு நிமிச நடை.
மாசியில் அது பன்னிரண்டானது.
பங்குனியில் நடுவழியில்
மதகுக் கட்டில் குந்த வேண்டிவந்தது.

மாத்தூசி என்றார்கள் எல்லாரும்.
நான் கணக்குப் பகுதி.
கண்ணாடிக் கதவு, ஏசி.
மாவைக் கண்டது ரொட்டியில்தான்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் சிஹாறா
படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
இரண்டு பக்கமும் கீழே
மழைநாள் பஸ் கண்ணாடி போல
மங்கிக் கிடந்தது.

சிகரெட்?
இல்லை.
புறா வளர்ப்பீங்களா?
இல்லை.
விறகடுப்பா?
காஸ், டொக்டர்.
வேற குளிசை ஏதும்?

பக்கத்தில் மச்சாள் சுகந்தமலர்,
மடியில் கைப்பை,
கண் என் வாயில்.

இரண்டு வருசம்.
பழைய பால்மாப் பேணிக்குள்
பொத்தான்களுக்கு அடியில்.
மாதத்தில் ஒரு வியாழன்
பல்வலி என்று லீவு.
அத்தனை வலிக்கு என் வாயில்
பல்லே மிஞ்சியிராது.

நல்ல குளிசை அது.
சொல்லாமல் விட்டால் பாவம்.
சாம்பல்தீவுப் பாலம் வந்தால்
கண்ணை இறுக்கிக்கொண்டிருந்தவளை
ஜன்னலோரம் கேட்க வைத்தது.
மீன்குழம்புக்குப் புளி காணாது என்று
நாக்குக்குச் சொல்லிக்கொடுத்தது.

அதுவேதான்
நெஞ்சுக்குள்ளும் இறங்கியிருக்கிறது.
ஆயிரத்திலோ பத்தாயிரத்திலோ ஒருவருக்கு,
டொக்டர் ஒற்றை விரலைக் காட்டினார்.
அந்த விரலை எனக்கு
ஏனோ பிடித்திருந்தது.

ஓம் என்றேன். பெயரைச் சொன்னேன்.
சபையில் தவறி வந்த
தூசணம் போல ஒலித்தது.

மச்சாள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.
பிறகு, மெல்ல:
"அதுதானா நீ போன வருசம் சிரிச்சது?"

மனக்கிளினிக் டொக்டரோடு பேசி
அதைக் குறைத்து நிறுத்துவார்களாம்.
மூச்சுக்கு வேறு குளிசை, காலையில் ஆறு.
"மற்றதுக்கு?"
"பாப்பம்" என்றார்.
பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

பஸ் நிலையத்தில் வழமையான மான்கள்.
ஒன்று வந்து
என் கையிலிருந்த வெறும் மருந்துறையைப் பறித்தது.
என் பெயர், இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்,
எல்லாவற்றையும் அவசரமில்லாமல் மென்றது.
அதன் விலா ஏறுவதும் இறங்குவதும்
பார்த்துக்கொண்டு நின்றோம்.
நான் எண்ணினேன்.
அவள் உதடும் அசைந்தது.

பஸ்ஸில் கேட்காமலே
ஜன்னலோரத்தை விட்டுத் தந்தாள்.
பிறகு என்ன நினைத்தாளோ,
எழும்பு, நான் அங்கால இருக்கிறன் என்றாள்.
நான் எழும்பவில்லை.

பாலத்துக்கு இன்னும்
இரண்டு தரிப்பு.