இரண்டாவது கோட்

நிந்தவூரில் எட்டு வீதிக்கு நான்தான் பெயின்ட்காரன்.
பிள்ளைகள் கிறுக்கிய சுவரென்றால்
சதுர அடிக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்பேன்,
மெழுகுக் கலரென்றால் பதினைந்து.
மெழுகின்மேல் தண்ணிப் பெயின்ட் நிற்காது.
வழுக்கி விலகி
கிறுக்கலை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

இன்றைக்கு வேலை நான் குடியிருந்த வாடகை வீட்டில்.
"வெள்ளையாத் தந்தாத்தான் அட்வான்ஸ் திரும்பும்"
என்றுவிட்டார் லாபீர் காக்கா.
சாமான் எல்லாம் லொறியில் ஏறிவிட்டது.
அல்மாரி நின்ற மறைவைக்கூட
மிஸ்பா விட்டுவைக்கவில்லை.

மேலிருந்து கீழே அடிப்பதுதான் தொழில்.
ஆனால் இந்தச் சுவர்
கீழிருந்து மேலே எழுதப்பட்டது.
ரோலரை வைத்துவிட்டுக் குந்தினேன்.

தரையிலிருந்து ஒரு சாண்:
கரிக்கட்டி.
முஷ்டிக்குள் இறுக்கி, தோளிலிருந்து வீசிய வீச்சு.
சுழி, சுழிக்குமேல் சுழி,
மாரியில் வயல்வாய்க்கால் உடைத்துக்கொண்டாற்போல
போகுமிடம் தெரியாத ஓட்டம்.

முழங்கால் உயரம்:
சுழியொன்று தன் வாலைத் தானே பிடித்துவிட்டது.
வட்டம்!
அன்று அவள் கத்திய கத்துக்கு
கதவில் விரல் நசிந்ததென்று ஓடிவந்தேன்.
கோடு மூடிக்கொண்டதில்
உள்ளே என்று ஓர் இடம் உண்டாகியிருந்தது,
வெளியே என்று இன்னொன்று.
நான் சுவரைப் பார்த்து ஏசிவிட்டுப் போனேன்.

கொஞ்சம் மேலே, வட்டத்துக்குக் கால் முளைத்திருக்கிறது.
கழுத்தில்லை, உடம்பில்லை,
தலையிலிருந்து நேரே கால்.
உம்மாவாம்.
"வயிறில்லாட்டிச் சோறு எங்க போற?"
"காலுக்க போற."
அதற்குமுன் அவள் முழுசாய் ஒரு வசனம் சொன்னதில்லை.

பிறகு வரிசையாக ஏழு முகம்.
ஏழுக்கும் இடது காது மட்டும்
பானைமூடி அளவு, உள்ளே கறுப்படித்து.
மிட்வைப் மிஸ்ஸின் அட்டையில்
நிறைக்கோடு பச்சையில்தான் ஏறிக்கொண்டிருந்தது.
பேச்சுப் பிந்துவது குடும்பவாகு என்றார்கள்,
நானும் தலையாட்டினேன்.
ரிஸ்மியாதான் மண்ணெண்ணெய்த் துணியோடு
அழிக்க வந்தவள், அழிக்காமல் நின்று,
"இந்தக் காதக் கொஞ்சம் பாருங்களன்" என்றாள்.
கல்முனை ஆஸ்பத்திரியில் டொக்டர் டோர்ச் அடித்தார்.
சீழ். நாள்பட்ட சீழ்.
வலிக்குச் சொல் கிடைக்கும்வரை
அவளிடம் இருந்தது ஒரு கறுப்புக் குச்சி.

எட்டாவது முகத்துக்கு
இரண்டு காதும் ஒரே அளவு.

இடுப்பு உயரத்தில் தரை வந்துவிட்டது,
நீளமாய் ஒரு கோடு.
அதுவரை மிதந்தவர்கள் எல்லாரும்
இறங்கி நிற்கிறார்கள்.
கடலும் ஒரு தோணியும்.
உம்மாவின் வயிறு கண்ணாடி,
உள்ளே தம்பி சிரித்துக்கொண்டிருக்கிறான்,
இன்னும் பிறக்கவில்லை.
நான், தலையைவிடப் பெரிய கையோடு.
விரலை எண்ணினேன், ஒன்பது.
வேலை கூட, அஞ்சு காணாது என்று நினைத்தாளோ.

அதற்குமேல் வெறும் சுவர்.
அவளுக்கு எட்டாத இடம்.

முதல் கோட் அடித்தேன்.
நான் அடிப்பது கோட், அவள் போட்டது கோடு.
ஓர் உகரம்தான் வித்தியாசம்,
கூலி எனக்கு மட்டும் வருகிறது.

இரண்டாவது கோட் காய்கிற நேரம்
லாபீர் காக்கா வந்தார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
சுவரோரம் குனிந்தார்.
வெள்ளைக்குள்ளிருந்து
ஒரு காது மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.
அதற்கு மருந்து எனக்குத் தெரியும்.
எண்ணெய் அண்டர்கோட், ஒரு டின்.
லொறியில், முன்சீட்டுக்குக் கீழேதான் கிடக்கிறது.

"ரெண்டாயிரம் கழிப்பன்" என்றார்.
"கழிங்க காக்கா" என்றேன்.
பிரஷ்ஷைக் கழுவினேன்.

லொறியில் மிஸ்பா கேட்டாள்,
புது வீட்டுச் சுவர் என்ன கலரென்று.
பச்சை என்றேன்.
பேசாமல் இருந்தாள், மாட்டுப்பளை தாண்டும்வரை.
"அப்ப எனக்கு வெள்ளக் கலர் வேணும் வாப்பா."